கை ஏன் அங்கே போனது

சென்ற மாதம் துறைமுக வேலைத்தளத்தில் இருந்து ஷர்மிலா என்றொரு பிள்ளை தொலைபேசியில் அழைத்தாள். அங்கே இப்போது பாதுகாப்பு அதிகாரியாக இருக்கிறாளாம். புதிதாக மின்சாரத் தூக்கி ஒன்று வந்திருக்கிறது, அதில் வேலை செய்யப் போகிறவர்களுக்கு ஒருநாள் வகுப்பு வைக்கிறார்கள் என்றாள்.

"பழைய விபத்துப் புத்தகத்தைப் பாத்தனான் மிஸி. எல்லாம் உங்கட கையெழுத்து. காரணம் எண்ட இடத்தில ஒவ்வொரு முறையும் 'கை ஏன் அங்கே போனது?' எண்டு கேள்வி எழுதி, கீழ மறுமொழியும் எழுதியிருக்கிறியள். ஒருக்கா வந்து கதைக்க ஏலுமோ?"

போனேன். அரை மணித்தியாலம் தந்தார்கள். எனக்கு வேலை தொடங்கிய கதையைச் சொல்லி முடிக்கவே அது போதாமல் போயிற்று. சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

தாதியாகப் பயின்ற மூன்று வருடத்தைப் பற்றி அதிகம் சொல்ல இல்லை. படுக்கை விரிக்கவும், ஊசி போடவும், பெரிய மிஸிக்கு, அதாவது தலைமைத் தாதிக்கு, முன்னால் வாய் திறக்காமல் நிற்கவும் பழகினேன். பிறகு சில வருடம் வார்டில் வேலை. மகள் பிறந்த பின் முறை மாறி மாறி வரும் வேலை எனக்கு ஒத்துவரவில்லை. துறைமுகத்துக்குள் இழுவைப் படகுகள் திருத்துகிற ஒரு வேலைத்தளத்தின் முதலுதவி அறைக்கு ஆள் தேவை என்றார்கள். காலை ஏழு மணியில் இருந்து பின்னேரம் நாலரை வரை. சண்டை தொடங்கிவிட்ட காலம் அது. பகல் வேலை, சின்னச் சின்னக் காயங்கள் என்று எண்ணிச் சேர்ந்தேன்.

வந்தவை பெரும்பாலும் சின்னக் காயங்கள்தான். ஆனால் எல்லாம் கையில். நசுங்கிய நகம், கம்பிக் கயிற்றின் சிலும்பு ஏறிய உள்ளங்கை, சுத்தியல் பட்ட பெருவிரல். வருகிறவர்கள் ஒரு கையை மறு கையால் பொத்திப் பிடித்தபடி, கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு வருவார்கள். கைப்பிடியைத் திருப்ப அவர்களுக்குக் கை இருக்காது. இரண்டாம் வாரமே அந்தக் கதவின் கொண்டியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அங்கே வேலைகளை மேற்பார்க்கும் போர்மனாக இருந்தவர் மெல்வின். திருகோணமலைப் பறங்கியர், நெடுத்த மனிதர், வீட்டிலும் வெளியிலும் தமிழ்தான். ஒருவருக்கு அடிபட்டால் மற்ற மேலதிகாரிகள் வாசலில் நின்று சத்தம் போடுவார்கள். மெல்வின் ஐயா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்து, காயப்பட்டவரின் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு இருப்பார். எப்படி நடந்தது என்று கேட்கமாட்டார். முதல் கேள்வி, "எந்தக் கையால சாப்பிடுறனீர்?" என்பதாக இருக்கும். அந்தக் கை இல்லையென்றால் ஒரு பெருமூச்சு விடுவார். அந்தக் கைதான் என்றால் என்னைப் பார்ப்பார்.

நான் சேர்ந்த வருடம் கந்தளாயில் இருந்து வேலைக்கு வந்த பியசேன என்பவரின் இடது கை ஒரு துளையிடும் இயந்திரத்தில் இழுபட்டது. பெருவிரல் மூட்டு விலகி, தோல் கிழிந்திருந்தது. நான் கட்டுப் போட்டு, புத்தகத்தை எடுத்து, காரணத்தில் 'கவனயீனம்' என்று எழுதினேன். எனக்கு முன்னால் இருந்தவர்களும் பக்கம் பக்கமாக அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

மெல்வின் ஐயா அதை எட்டிப் பார்த்தார். "மிஸி, ஒருக்கா என்னோட வாங்கோ" என்றார்.

இயந்திரத்தடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து பியூசைப் பிடுங்கித் தன் சட்டைப் பைக்குள் போட்டார். அது தன் பையில் இருக்கும்வரை எவரும் இயந்திரத்தை ஓட்ட ஏலாது என்றார். பிறகு பியசேன நின்ற இடத்தில் தான் நின்று, அவருடைய கையுறையைத் தன் இடது கையில் மாட்டி, கை போன வழியே மெல்ல மெல்லத் தன் கையைக் கொண்டுபோனார். இரும்புச் சுருள்கள் குவிந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார்.

"பாத்தியளோ? இந்தத் தும்பைத் தட்டத்தான் கை போயிருக்கு. தட்ட வேற சாமான் ஒண்டும் இல்லை. கையுறையின்ர நுனியைச் சுழலுற ஆணி பிடிச்சிட்டுது. வெறுங்கையெண்டால் தோல்தான் உரிஞ்சிருக்கும். கையுறை கையையே இழுத்துக்கொண்டு போயிட்டுது."

கையுறை எப்போதும் கையைக் காக்கும் என்றே நான் படித்திருந்தேன். சுழலும் இயந்திரத்துக்குக் கிட்டக் கையுறை போடக்கூடாது என்பதை அன்றுதான் அறிந்தேன். மறுநாள் அந்த இயந்திரத்தின் பக்கத்தில் ஒரு நீளப் பிடி போட்ட தூரிகை தொங்கியது. நான் 'கவனயீனம்' என்பதைக் கோடிட்டு வெட்டிவிட்டு, ஷர்மிலா கண்ட அந்தக் கேள்வியை முதல் தடவையாக எழுதினேன்.

இனி யோகராசாவுக்கு வருகிறேன்.

யோகராசா சல்லி என்ற கடலோரக் கிராமத்தைச் சேர்ந்தவர். கடல் தொழில்காரர். கடலுக்குப் போகத் தடை போட்ட காலத்தில் வீட்டில் இருக்க ஏலாமல் வேலைத்தளத்தில் பாரம் தூக்கும் பகுதியில் சேர்ந்தவர். காலையில் சைக்கிளில் வருவார். முப்பத்தைந்து வயது இருக்கும். வலைக்குக் கண் கட்டுவதில் அவரைப் போல ஆள் அந்தப் பக்கத்தில் இல்லை என்று மற்றவர்கள் சொல்வார்கள். கம்பிக் கயிற்றில் அவர் போடுகிற முடிச்சைப் பார்த்தாலே அது தெரியும்.

அன்று ஒரு இழுவைப் படகின் எஞ்சினைத் திருத்தி மறுபடி அதன் இருக்கையில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தொன்னுக்கு மேற்பட்ட எஞ்சின். செயின் புளொக் என்கிற சங்கிலித் தூக்கியில் தொங்கவிட்டு, சங்கிலியைக் கையால் இழுத்து இழுத்து, கடைசி இரண்டு அங்குலத்தை மயிரிழை மயிரிழையாக இறக்க வேண்டும். சங்கிலி பின்னால் ஓடாமல் பிடிக்கிற ஒரு பல் அந்தச் செயின் புளொக்குக்குள் இருக்கும். அந்தப் பல்லை அழுத்துகிற ஸ்பிரிங் முன்னரே உடைந்திருந்தது. புதியது கொழும்பில் இருந்து வரவேண்டும். சண்டையால் பாதை பூட்டிக் கிடந்தது. வேறொரு இயந்திரத்தின் ஸ்பிரிங்கை வெட்டிப் போட்டு, அன்று காலை மெல்வின் ஐயாவே சோதித்துப் பார்த்து வேலைக்கு விட்டிருந்தார்.

பத்து மணியளவில் ஒருவர் ஓடிவந்தார். "மிஸி, யோகராசான்ர கை எஞ்சினுக்குக் கீழ!"

பையை எடுத்துக்கொண்டு ஓடினேன். படகின் எஞ்சின் அறைக்கு ஏணியால் இறங்க வேண்டும். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு இறங்கினேன். யோகராசா பக்கவாட்டில் படுத்திருந்தார். வலது கை மணிக்கட்டு வரை எஞ்சினின் காலுக்கும் இருக்கைக்கும் நடுவில். செயின் புளொக் நழுவி, பிறகு இறுகி, மேலும் போகாமல் கீழும் வராமல் நின்றது. நான் எண்ணெய்த் தரையில் அவருக்கு எதிரே படுத்து, மணிக்கட்டைத் தேடிப் பிடித்தேன். நாடி துடித்தது.

மேலே நின்றவர்கள் அலவாங்கைக் கொண்டுவந்துவிட்டார்கள். "நெம்பித் தூக்குவம், ஒரு நிமிசத்தில எடுத்திடலாம்!"

"வேண்டாம்" என்றார் மெல்வின் ஐயா. சத்தம் போடவில்லை. "அலவாங்கு வழுக்கினால் இன்னொருக்கா விழும். ரெண்டு ஜாக்கி கொண்டுவாங்கோ. மரக்கட்டையும்."

ஒரு பக்கம் ஒன்றாக ஜாக்கிகளை வைத்து, இரண்டையும் ஒரே அளவாக உயர்த்தினார்கள். கால் அங்குலம் உயர்ந்ததும் ஒரு கட்டை செருகுவார்கள். பிறகு இன்னும் கால் அங்குலம், இன்னொரு கட்டை. ஜாக்கி நழுவினாலும் எஞ்சின் கட்டையில்தான் இருக்கும், கையில் விழாது. செய்தது சரி. ஆனால் அந்த ஒவ்வொரு கால் அங்குலமும் எவ்வளவு நீளம் என்பது கீழே படுத்திருந்த எங்கள் இருவருக்கும்தான் தெரியும்.

"மிஸி, கை இருக்கோ?"

"இருக்கு. நாடி ஓடுது. நான் பிடிச்சுக்கொண்டுதான் இருக்கிறன்."

"கண் கட்டுற கை மிஸி."

அவருடைய கண்கள் செருகத் தொடங்கின. மயங்க விடக்கூடாது. "எப்பிடிக் கண் கட்டுறது? எனக்குத் தெரியாது, சொல்லுங்கோ" என்றேன்.

"ஊசியை... கீழால எடுத்து..." மூச்சு வாங்கினார். "நூலைச் சின்னி விரலில கொழுவி இறுக்கோணும். சின்னி விரல் விட்டால் கண் சின்னன் பெரிசாப் போயிடும்."

"பிறகு?"

"பிறகு பெருவிரலால அமத்திப் பிடிக்கோணும்..."

கடைசிக் கட்டை செருகியதும் கையை வெளியே எடுத்தேன். சின்னி விரல் நசுங்கித் தொங்கியது. அதற்குப் பக்கத்து மோதிர விரலைக் காணவில்லை. நடுவிரல் முறிந்திருந்தது. உள்ளங்கையின் வெளிப்பக்கத்தில் தோலே இல்லை. பெருவிரலும் சுட்டுவிரலும் முழுதாக இருந்தன. கட்டுத் துணியை அழுத்திச் சுற்றி, கையை நெஞ்சுக்கு மேலே உயர்த்திப் பிடிக்கச் சொன்னேன். மெல்வின் ஐயா முழங்காலில் இருந்து, எஞ்சினுக்கு அடியில் டோர்ச் அடித்து, காணாமல் போன விரலை எடுத்துத் தன் கைலேஞ்சித் துணியில் வைத்து என்னிடம் நீட்டினார்.

விரலை நேரே ஐசில் போடக்கூடாது, தசை கருகிவிடும். சேலைனில் நனைத்துப் பிழிந்த துணியில் சுற்றி, பொலித்தீன் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையைத்தான் ஐசுக்குள் வைக்க வேண்டும். கன்ரீனில் மீன் வைத்திருந்த ரெஜிபோம் என்ற வெள்ளை நுரைப் பெட்டியைக் கொட்டிக் கழுவி ஐஸ் நிரப்பித் தந்தார்கள்.

யோகராசாவை ஏற்றிக்கொண்டு போன வான் வண்டி துறைமுக வாசலில் மறிபட்டது. எங்கேயோ வெடித்திருக்கிறது, எல்லா வாகனத்தையும் நிறுத்தச் சொல்லிக் கட்டளை. கடற்படைச் சிப்பாய் ஒருவர் துவக்கோடு வந்து பெட்டியைக் காட்டினார். தனக்குத் தெரிந்த தமிழில், "உள்ளுக்கு என்ன?" என்றார்.

"விரல்" என்றேன்.

அவர் நம்பவில்லை. திறக்கச் சொன்னார். திறந்து, பையைத் தூக்கிக் காட்டினேன். அவருடைய முகம் வெளுத்தது. வான் கதவைப் பிடித்தபடி அப்படியே படியில் இருந்துவிட்டார். என்னிடம் இருந்த போத்தலில் இருந்து அவருக்கு ஒரு வாய் தண்ணீர் கொடுத்தேன். குடித்தார், எழும்பினார், யோகராசாவைப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, முன் ஆசனத்தில் ஏறி, பெட்டியை வாங்கித் தன் மடியில் வைத்துக்கொண்டு, சாரதியைப் போகச் சொன்னார். ஆஸ்பத்திரி வரை மூன்று இடத்தில் மறித்தார்கள். மூன்று இடத்திலும் தலையை வெளியே நீட்டிச் சிங்களத்தில் ஒரே வசனத்தைச் சொன்னார்: "ஒரு மனிசன்ர கை போகுது, வழி விடுங்கோ."

அவருடைய பெயரைக் கேட்க எனக்குத் தோன்றவில்லை. இன்றுவரை அது ஒரு குறை.

சத்திரசிகிச்சை வைத்தியர் பையைத் திறந்து பார்த்தார். "மிஸி, இது ஒட்டாது. அடி எலும்பு தூள். ஒட்டக்கூடிய இடம் கொழும்பு, அங்க போகப் பாதையும் இல்லை" என்றார். அவர் விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஆனா தோல் நல்லா இருக்கு. வடிவாச் சுத்திக் கொண்டந்திருக்கிறியள். இந்தத் தோலை எடுத்து உள்ளங்கையை மூடலாம்."

அப்படியே செய்தார். சின்னி விரலை எடுக்க வேண்டியதாயிற்று. நடுவிரலுக்குக் கம்பி போட்டார். வாரக்கணக்கில் புண் கட்டி, உள்ளங்கை மூடியது. இழந்த விரலின் தோல்தான் மிஞ்சிய கையைக் காப்பாற்றியது.

இதற்கிடையில் புத்தகம் நிரப்ப வேண்டும். மனேஜர் என் அறைக்கே வந்தார். "பாரத்துக்குக் கீழ கையை வைச்சது அவற்ற பிழை. கவனயீனம் எண்டு எழுதுங்கோ மிஸி." அப்படி எழுதினால் யோகராசாவுக்கு வேலை போய்விடும். எழுதாவிட்டால் எனக்கு என்ன நடக்கும் என்று தெரியாது. என் கணவருக்கு அப்போது நிரந்தர வேலை இல்லை. பேனையைப் பிடித்துக்கொண்டு எழுதாமல் இருந்தேன்.

மெல்வின் ஐயா தொப்பியோடு வாசலில் நின்றார். எவ்வளவு நேரம் நின்றாரோ தெரியாது.

"நான் சொல்லுறன், எழுதுங்கோ" என்றார். "எஞ்சினை மட்டப்படுத்தத் தகட்டுத் துண்டு ஒண்டு கீழ வைக்கோணும். அது விலகிப் போச்சு. தள்ளுறதுக்குக் கம்பி ஒண்டும் குடுக்கேல்ல. அதால கை போனது. செயின் புளொக்கில சரியான ஸ்பிரிங் இல்லை. அதை வேலைக்கு விட்டது மெல்வின். என்ர பேரை முழுசா எழுதுங்கோ."

"மெல்வின், என்ன கதை இது? தெரிஞ்சுதான் கதைக்கிறீரோ?" என்றார் மனேஜர்.

"ஓம் சேர். நான் கையை வைச்சுப் பாத்திட்டுத்தான் கதைக்கிறன்."

எழுதினேன். அவர் கீழே கையெழுத்துப் போட்டார். அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. வரவேண்டிய பதவி உயர்வு வரவில்லை. அதைப் பற்றி அவர் என்னிடம் ஒருநாளும் கதைத்ததில்லை. யோகராசாவின் வேலை போகவில்லை.

கை மூடினாலும் அது கையாகவில்லை. கட்டையாக இறுகிக் கிடந்தது. நாள்தோறும் என் அறைக்கு வரச் சொல்லியிருந்தேன். வருவார், துவாயால் மூடியபடி வருவார், மேசையில் வைக்க மாட்டார். ஒருநாள் கூட வந்த மனைவி சொன்னார்: "கரண்டியால சாப்பிடுறார் மிஸி. ஆக்கள் வந்தால் கையைக் கட்டியிருக்கிற சாரத்துக்குள்ள ஒளிக்கிறார். வலையைக் கண்டால் எழும்பிப் போயிடுறார்."

மெழுகை உருக்கி, தேங்காய் எண்ணெய் கலந்து, பொறுக்கிற சூட்டில் கையை முக்கி எடுப்பேன். பிறகு ஒவ்வொரு மூட்டாக மடிக்க வேண்டும். அவர் பல்லைக் கடிப்பார். சில நாள் என்னை ஏசுவார். ஸ்பொஞ்சைப் பிடித்து அமத்தச் சொன்னால், "சின்னப் பிள்ளை விளையாட்டு" என்று தள்ளிவிடுவார்.

இதை மெல்வின் ஐயாவிடம் சொன்னேன். மறுநாள் ஒரு பெரிய தட்டு நிறையக் கலந்து கிடந்த நட்டுகளும் வாசர்களும் வளையங்களும் கொக்கிகளும் வந்தன. "ஸ்டோரில பிரிக்க ஆள் இல்லை. இதைப் பிரிச்சுத் தந்தால் எனக்குப் பெரிய உதவி" என்று அவரே கொண்டுவந்து வைத்தார். உண்மையில் தேவையான வேலை என்றதும் யோகராசா கையை வெளியே எடுத்தார். முதல் நாள் பத்துச் சாமானைக்கூடப் பிடிக்க முடியவில்லை. எல்லாம் தரையில் விழுந்தன. குனிந்து குனிந்து பொறுக்கினார். மூன்றாம் மாதம் தட்டு ஒரு காலைக்குள் முடிந்துவிடும்.

அப்படி ஒருநாள், பாரம் தொங்கவிடுகிற ஒரு இரும்பு வளையத்தைச் சுட்டுவிரலால் தடவிக்கொண்டிருந்தவர் நிறுத்தினார். "மிஸி, இதில வெடிப்பு இருக்கு."

நான் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றும் தெரியவில்லை.

"கண்ணுக்குத் தெரியாது. விரலுக்குத் தெரியுது."

மெல்வின் ஐயாவைக் கூப்பிட்டேன். அவர் மண்ணெண்ணெயில் வளையத்தை ஊறவைத்து, துடைத்து, சோக்குத் தூள் பூசினார். கொஞ்ச நேரத்தில் வெள்ளைத் தூளில் மயிர் போல ஒரு எண்ணெய்க் கோடு எழுந்தது. அவர் யோகராசாவின் மூன்று விரல் கையைத் தன் கையில் எடுத்து, நெடுநேரம் பார்த்தார்.

அடுத்த மாதம் யோகராசா வேலைக்குத் திரும்பினார். பாரம் தூக்க அல்ல. காலையில் ஒவ்வொரு செயின் புளொக்கையும் கம்பிக் கயிற்றையும் வளையத்தையும் தடவிப் பார்த்து, நல்லது என்றால் கையெழுத்து வைக்க வேண்டும். அவருடைய கையெழுத்து இல்லாமல் எதுவும் தொங்கக்கூடாது என்று மெல்வின் ஐயா அறிவித்தார். மனேஜர் அரை மனதோடு சம்மதித்தார். வலைக்குக் கண் கட்டுவதும் மெல்ல மெல்லத் திரும்பியது. நூலைச் சின்னி விரலுக்குப் பதிலாகக் கால் பெருவிரலில் கொழுவி இறுக்கப் பழகிக்கொண்டார். கண் கொஞ்சம் பெரிதாகத்தான் வருகிறது, மீன் இன்னும் முறைப்பாடு வைக்கவில்லை என்று ஒருநாள் சொன்னார். அடிபட்ட பிறகு அவர் சொன்ன முதல் பகிடி அது.

அவர் வேலைக்கு வந்து இரண்டாம் வாரம் ஒரு அவசரம். துறைமுகத்துக்குக் கப்பல் வருகிறது, இழுவைப் படகு பின்னேரத்துக்குள் தண்ணீரில் இருக்க வேண்டும். மெல்வின் ஐயாவே தெரிவுசெய்து, திருத்தி, எண்ணெய் போட்ட செயின் புளொக்கைக் கொண்டுவந்து வைத்தார். நான் தற்செயலாக மருந்து எடுக்க அந்தப் பக்கம் போனவள், நின்று பார்த்தேன். யோகராசா சங்கிலியை ஒவ்வொரு வளையமாக விரலால் ஓட்டிக்கொண்டு வந்தார். பாதிக்கு மேல் வந்ததும் நின்றார். திரும்பவும் ஓட்டினார். மனேஜர் மணிக்கூட்டைப் பார்த்தார். வேலையாட்கள் எல்லாரும் சுற்றி நின்றார்கள்.

"இது வேண்டாம் ஐயா" என்றார் யோகராசா.

"நான் காலமை பாத்தனான்" என்றார் மெல்வின் ஐயா.

"ஓம் ஐயா. ஆனா வேண்டாம். இந்த வளையம் நீண்டிருக்கு."

"கப்பல் வருகுது மெல்வின்! அவருக்குப் பயம் பிடிச்சிருக்கு, நீர் தூக்கும்" என்றார் மனேஜர்.

மெல்வின் ஐயா அளவுக்கோலை எடுத்து அந்த வளையத்தில் வைத்துப் பார்த்தார். பக்கத்து வளையத்தில் வைத்துப் பார்த்தார். பிறகு கொக்கியைக் கழற்றி, செயின் புளொக்கைத் தூக்கிக் கழிவு இரும்புப் பெட்டிக்குள் போட்டார். அது விழுந்த சத்தம் முதலுதவி அறை வரை கேட்டிருக்கும்.

"யோகராசா வேண்டாமெண்டால் வேண்டாம்" என்றார். "வேறொண்டு தேடுவம்."

படகு அடுத்த நாள்தான் இறங்கியது. கப்பல் காத்து நின்றது. மனேஜரின் ஏச்சை எல்லாரும் கேட்டோம். ஒரு விரலும் போகவில்லை.

அன்று பின்னேரம், சைக்கிளை வெளியே சாத்திவிட்டு யோகராசா என் அறைக்கு வந்தார். மருந்து கட்ட ஒன்றும் இல்லை. கதிரையில் இருந்து, துவாய் இல்லாமல், வலது கையைத் தானாக மேசையில் வைத்தார்.

"மிஸி, இண்டைக்குக் கை நடுங்கினது."

"நோவோ?"

"நோவில்லை. வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு முதல் நடுங்கினது."

"சொன்ன பிறகு?"

அவர் கையைத் திருப்பி, உள்ளங்கை மேலே தெரியும்படி வைத்தார்.

"சொன்ன பிறகு நிண்டுட்டுது" என்றார்.